காலடியில் ஓர் ஆறு

வணக்கம் நேயர்களே. பாலைவனத்தில் நெடுந்தூரம் நடந்ததைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். மாதக்கணக்கில் நடந்த கதை அது, இருக்கிற நேரத்தில் முழுவதையும் சொன்னால் உங்களுக்கும் கால் வலிக்கும். அதனால் ஒரே ஒரு நாளை மட்டும் சொல்லப் போகிறேன். அன்றைக்கு நடந்தது வெறும் 17 மைல், அதாவது சுமார் 27 கிலோமீட்டர். அதைவிட அதிகமாக நடந்த நாட்கள் எத்தனையோ உண்டு, ஆனால் அந்த நாள் போல இன்னொரு நாள் இல்லை. அதற்குப் பாதி காரணம் வெயில், மீதி காரணம் நான்தான்.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மேற்குப் பக்கத்தில் பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் என்று ஒரு நடைபாதை இருக்கிறது. மெக்சிகோ எல்லையில் ஆரம்பித்து கலிபோர்னியா, ஓரிகான், வாஷிங்டன் மூன்று மாநிலங்களையும் தாண்டிக் கனடா எல்லையைத் தொடுகிற பாதை, மொத்தம் 2,650 மைல், கிலோமீட்டரில் 4,265. 1968-இல் சட்டம் போட்டு தேசிய நடைபாதை என்று அறிவித்தார்கள். தெற்கிலிருந்து வடக்கே போகிறவர்களுக்கு முதல் 700 மைல் வரைக்கும் பாலைவனப் பகுதி. பெயர்தான் அப்படி, நடுவில் சான் ஹசின்டோ மலைமேல் பனியில் வழுக்கி விழுந்துவிட்டு, நான்கு நாள் கழித்து முட்செடி நிழலுக்கு ஏங்கியவன் நான்.

இந்தப் பாதையில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பருவத்தில்தான் நடப்பார்கள். சீக்கிரம் போனால் சியரா நெவாடா மலையில் பனி உருகியிருக்காது, தாமதமாகப் போனால் கனடாவை எட்டுவதற்குள் அடுத்த பனி வந்துவிடும். எல்லையிலிருந்து நெடுந்தூரம் போகிறவர்களுக்கு ஒரு நாளைக்கு 50 பேர் என்று கணக்கு வைத்துத்தான் அனுமதிச் சீட்டு தருகிறார்கள். ஆக, உங்களோடு கிளம்பியவர்களையே தண்ணீர் கிடைக்கிற இடத்திலும், கொஞ்சம் நிழல் கிடைக்கிற இடத்திலும் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள். முதல் நாள் தலையை ஆட்டுவோம், மூன்றாம் நாள் பிஸ்கட்டைப் பங்கு போடுவோம், பத்தாம் நாள் ஒருவருடைய கால் கொப்புளத்தை இன்னொருவர் ஊசியால் குத்திக்கொண்டிருப்போம். நெருக்கம் இப்படித்தான் வந்தது எங்களுக்கு. யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை, நடக்கிற வேகம் ஒத்துப்போனது, அவ்வளவுதான்.

நாங்கள் நான்கு பேர். ஒருவர் ஓய்வு பெற்ற நர்ஸ், அறுபதைத் தாண்டியவர், நான் இன்றைக்கும் நர்ஸம்மா என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். இன்னொருவர் நெட்டையான மனிதர், வெயிலுக்கு வெள்ளி நிறக் குடை ஒன்றைத் தோள்பட்டியில் செருகிக்கொண்டு நடப்பார், அதனால் குடைக்காரர். மூன்றாவது, கல்லூரியை முடித்த கையோடு வந்த ஒரு பையன், சாப்பிட்டுக்கொண்டே நடப்பான், நடந்துகொண்டே சாப்பிடுவான். உண்மைப் பெயர்களைச் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன், பாதையிலும் யாரும் உண்மைப் பெயரைப் பயன்படுத்துவதில்லை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. உங்களுக்கு ஒரு புதுப் பெயர் வைப்பார்கள், நீங்களே வைத்துக்கொண்டால் மதிப்பில்லை, அடுத்தவர்தான் வைக்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் நீங்கள் செய்த அசட்டுத்தனம் ஏதாவது ஒன்றை வைத்துத்தான் இருக்கும்.

எனக்கு வைத்த பெயர் லிட்டர்.

ஏனென்றால் நான் ஓயாமல் தண்ணீர்க் கணக்குப் போடுகிறவன். "அடுத்த தண்ணீர் எத்தனை மைல், உன்னிடம் எத்தனை லிட்டர் இருக்கிறது, போதுமா" என்று எல்லோரையும் நச்சரிப்பேன். பாதையில் பொதுவாக ஐந்து மைலுக்கு ஒரு லிட்டர் என்று ஒரு கணக்கு சொல்வார்கள், வெயில் கூடினால் இன்னும் அதிகம். ஒரு லிட்டர் என்பது ஒரு கிலோ, நான்கு லிட்டர் என்றால் முதுகில் நான்கு கிலோ. குறைவாக எடுத்தால் தாகம், அதிகமாக எடுத்தால் முட்டி போய்விடும். இதைப் பற்றி அந்தப் பையனுக்கு நான் கொடுத்த சொற்பொழிவுகளை எல்லாம் எழுதி வைத்திருந்தால் ஒரு புத்தகமே போட்டிருக்கலாம்.

சரி, அந்த நாள். மொஹாவி பாலைவனத்தின் மேற்கு ஓரம், பாதையின் 517-ஆவது மைல் அருகில் ஹைக்கர்டவுன் என்று ஓர் இடம். அங்கிருந்து காட்டன்வுட் கிரீக் என்கிற ஓடைப் பாலம் வரைக்கும் 17 மைல். மலையே இல்லை, மேடு பள்ளம் கிடையாது, தரை பலகை போல இருக்கும். காகிதத்தில் பார்த்தால் இதைவிடச் சுலபமான நடை இல்லை. ஆனால் அந்தப் 17 மைலில் நம்பிக் குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

இல்லை என்றா சொன்னேன்? தண்ணீர் இருக்கிறது, அதுதான் கொடுமை. முதலில் கொஞ்ச தூரம் கலிபோர்னியா கால்வாயின் ஓரமாகப் போகிறோம், சிமென்ட் சரிவுக்குள் திறந்தபடி ஓடுகிற நீர், ஆனால் இறங்கினால் ஏற முடியாத சரிவு அது. அப்புறம் திரும்பினால் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிற பழைய கால்வாய் வருகிறது. முதலில் பெரிய இரும்புக் குழாய், அதன் முதுகின் மேலேயே நடக்கலாம், அடி வைத்தால் தொம் தொம் என்று கேட்கும். பிறகு மேலே சிமென்ட் போட்டு மூடிய கால்வாய், அதை ஒட்டி மண்சாலை. ஆக, காலுக்குக் கீழே ஓர் ஆறு ஓடிக்கொண்டே இருக்கிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

அந்தக் கால்வாய்க்கு ஒரு கதை உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். வில்லியம் மல்ஹாலண்ட் என்கிற பொறியாளர் கட்டியது. வடக்கே ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து 233 மைல், வழியில் ஒரு பம்பு கூட வைக்காமல், தரைச் சரிவை மட்டும் நம்பித் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். 1913 நவம்பர் 5-ஆம் தேதி மதகைத் திறந்தபோது அவர் கூட்டத்தைப் பார்த்து, "இதோ இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்றாராம். எடுத்துக்கொண்டார்கள். வடக்கே இருந்த விவசாயிகளுக்கு வயிறெரிந்தது, 1924-இல் அவர்கள் கால்வாயில் வெடி வைத்தார்கள். 1926-க்குள் 100 சதுர மைலுக்கும் அதிகமாக விரிந்து கிடந்த ஓவன்ஸ் ஏரி வற்றிப் புழுதிக் காடாகிவிட்டது. நம்முடைய பழைய இலக்கண மரபில், குறிஞ்சியும் முல்லையும் வறண்டு திரிந்தால் அதுதான் பாலை என்பார்களே, பாலை என்று தனியாக ஒரு நிலம் கிடையாது என்பார்களே, அதைப் படிக்கிற காலத்தில் மனப்பாடம் செய்திருக்கிறேன். அந்தக் குழாய்மேல் நடந்தபோதுதான் அது மண்டையில் ஏறியது.

அந்தத் துண்டை இரவில் நடப்பதுதான் வழக்கம். பகலெல்லாம் எங்காவது நிழலில் படுத்துக் கிடந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் ஹெட்லேம்ப் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். நாங்களும் அப்படித்தான் திட்டம் போட்டிருந்தோம். ஆனால் அன்று காலை வானம் மூடியிருந்தது. சிலுசிலுவென்று காற்று. இப்போதே கிளம்பினால் மாலைக்குள் சேர்ந்துவிடலாமே என்று பையன் ஆரம்பித்தான், குடைக்காரர் தலையாட்டினார், நான் கணக்குப் போட்டு நான்கு லிட்டர் தாராளம் என்று தீர்ப்பு சொன்னேன். நர்ஸம்மா மட்டும் வானத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பையைத் தூக்கினார். ஒன்பதரை மணிக்குக் கிளம்பினோம்.

பதினொரு மணிக்கு மேகம் போன இடம் தெரியவில்லை.

அது கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, யாரோ போர்வையை உருவியது போல இருந்தது. நிழல் என்று சொல்ல ஒரு சுவர் இல்லை, ஒரு மரம் இல்லை. வெள்ளையாக நீண்டு போகிற சாலை, அதன் முடிவில் தளதளவென்று கானல். வெயில் மேலிருந்து மட்டுமல்ல, சிமென்டிலிருந்து திரும்பி முகத்தில் அடிக்கிறது, முகவாய்க்குக் கீழே, மூக்குத் துவாரத்துக்குள்ளெல்லாம் தோல் வெந்து போகும், புதிதாக வருகிறவர்கள் அங்கே களிம்பு தடவ மறந்துவிடுவார்கள்.

ஆறு மைல் தாண்டி உட்கார்ந்தபோது என் முதுகு நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, மற்ற மூன்று பேர் முதுகும் காய்ந்து, உப்புப் பூத்துக் கிடந்தது. அந்தக் காற்றில் வியர்வை நிற்காது, வந்த உடனே காய்ந்துவிடும். பையைத் திறந்து பார்த்தால், இரண்டு லிட்டர் பிடிக்கிற தண்ணீர்ப் பையின் மூடி சரியாகத் திருகாமல் இருந்திருக்கிறது. அடியில் ஒரு கை அளவு நீர்தான் மிச்சம். இன்னும் 11 மைல். கையிலிருந்த பாட்டில்களில் ஒன்று காலி, மற்றொன்று முழுசு. அதாவது ஒரு லிட்டரும் கொஞ்சமும்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். "என் தண்ணீர் ஒழுகிவிட்டது." மூன்று சொல். சொல்லவில்லை. ஏன் என்று அப்போதே எனக்குத் தெரியும். லிட்டர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஊருக்கெல்லாம் உபதேசம் செய்திருக்கிறேன், முந்தின நாள்தான் அந்தப் பையனிடம் மூடியை இரண்டு தடவை சோதித்துப் பார் என்று சொல்லியிருக்கிறேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? சமாளித்துவிடலாம் என்று ஒரு வீம்பு. பையை மூடி முதுகில் மாட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே எழுந்தேன்.

இன்னும் இரண்டு மைல் போனதும் சாலையை விட்டுத் தள்ளி ஒரு ஜோசுவா மரம். மரம் என்று சொல்வது மரியாதைக்காக, உண்மையில் அது யூக்கா வகை, நாலைந்து கைகளைத் தூக்கிக்கொண்டு முனையில் முள்கொத்துகளோடு நிற்கும். அதற்கு மகரந்தம் சேர்ப்பது யூக்கா அந்துப்பூச்சி ஒன்றுதான், அந்தப் பூச்சியின் புழுக்களுக்கும் இதன் விதையை விட்டால் வேறு சாப்பாடு கிடையாது என்று குடைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார், எனக்கு அதைக் கேட்கிற நிலை இல்லை. அதன் நிழல் ஒரு ஆளுக்கே போதாது. நான்கு பேரும் தலையை மட்டும் நிழலுக்குள் வைத்து, உடம்பை வெளியே விட்டு, சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி படுத்தோம். நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்தோம். அரை மணிக்கு ஒரு தடவை யாராவது "நகருங்கப்பா" என்பார்கள், எல்லோரும் ஒரு முழம் உருளுவோம். பாலைக்கு உரிய பொழுது நண்பகல் என்று வகுத்து வைத்தவர்கள் சும்மா வகுக்கவில்லை.

நான்கு மணி வரை அங்கே கிடந்தோம். மற்றவர்கள் குடிக்கும்போது நானும் பாட்டிலை வாயில் வைப்பேன், உதட்டை நனைத்துவிட்டு எடுத்துவிடுவேன். நடிப்பு. நிழலில் சும்மா படுத்திருந்தாலும் உடம்பு தண்ணீரை இழந்துகொண்டேதான் இருக்கும், அது எனக்குத் தெரியாத விஷயமா என்ன? பசி நின்றுவிட்டது. நெற்றிப்பொட்டில் ஒரு வலி ஆரம்பித்துப் பின்மண்டைக்குப் போனது. பையன் நீட்டிய கடலையை வேண்டாம் என்றேன், அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான், ஏனென்றால் அந்தப் பாதையில் யாரும் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

நான்கு மணிக்கு எழுந்து நடந்தோம், அதற்கப்புறம் ஒரு மணி நேரம் நடந்தது எனக்கு விட்டுவிட்டுத்தான் ஞாபகம் இருக்கிறது. சாலை நேராகப் போகிறது, நான் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தேனாம். பின்னால் வந்த நர்ஸம்மா அதைத்தான் கவனித்திருக்கிறார். வேகமாக நடந்து வந்து என் பையின் பட்டியைப் பிடித்து நிறுத்தினார்.

"காலையிலிருந்து எத்தனை தடவை ஒன்றுக்குப் போனாய்?"

"ஒரு தடவை" என்றேன். யோசித்து, "கிளம்புவதற்கு முன்னால்" என்றேன்.

"பாட்டிலைக் காட்டு."

காட்டினேன். அடியில் ஒரு விரல் உயரத்துக்கு நீர் இருந்தது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. "உட்கார்" என்று மட்டும் சொன்னார். குடைக்காரர் தன் குடையை என் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, தான் வெயிலில் நின்றார். நர்ஸம்மா என்னிடம் இன்றைக்கு என்ன கிழமை, காலையில் எங்கிருந்து கிளம்பினோம், பதினேழிலிருந்து எட்டு போனால் எத்தனை என்றெல்லாம் கேட்டார். கேலி இல்லை, சோதனை. வெயிலில் சோர்ந்து போவது ஒரு கட்டம்: தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வரும், நிழலும் நீரும் உப்பும் கொடுத்தால் தேறிவிடலாம். ஆனால் உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, ஆள் உளற ஆரம்பித்துவிட்டால் அது வேறு விஷயம், உயிருக்கே ஆபத்து, அந்த இடத்திலேயே உடம்பைக் குளிர்விக்க வேண்டும், உதவிக்கு ஆள் வர வேண்டும். நான் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன் என்றுதான் பார்த்தார். ஒன்பது என்று சரியாகச் சொன்னேன், கொஞ்ச நேரம் பிடித்தது.

அப்புறம் அவர் தன் பாட்டிலை எடுத்து என் பாட்டிலில் அரை லிட்டர் ஊற்றினார். ஊற்றும்போது அளவுக்கோட்டைப் பார்த்துக்கொண்டே ஊற்றினார், நான் எதிர்ப்புச் சொல்ல வாயெடுத்தேன், "பேசாதே" என்றார். குடைக்காரர் அரை லிட்டர். பையன் தன்னுடையதைத் தூக்கிப் பார்த்தான், அவனிடமே அதிகம் இல்லை, இருந்தும் அதே கோடு வரைக்கும் ஊற்றினான். அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றுவது என்றால் என்னவென்று எனக்கு அவனைவிட நன்றாகத் தெரியும், நான்தானே மைலுக்கு எத்தனை என்று கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். தன்னுடைய இரண்டரை மைலை எனக்குக் கொடுத்துவிட்டான்.

அதை மடக்மடக்கென்று குடிக்க விடவில்லை. உப்புப் பொடியைக் கலந்து, கால் மணிக்கு இத்தனை வாய் என்று எண்ணிக் கொடுத்தார். வியர்வையோடு உப்பும் போயிருக்கும்போது வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து அதுவும் ஆளைச் சாய்த்துவிடும், தாகத்துக்குப் பயந்து குடித்துக் குடித்தே மயங்கியவர்கள் உண்டு என்றார். கழுத்துத் துணியை நனைக்க என்னிடம் மிச்சமிருந்த அந்த ஒரு விரல் நீரைப் பயன்படுத்தினார். சூரியன் இறங்குகிற வரைக்கும் யாரும் நகரவில்லை. மூடி ஒழுகிய கதையை நானே சொன்னேன். யாரும் பதில் பேசவில்லை, பையன் மட்டும், "ஆறாவது மைலிலா? அங்கேயே தெரியுமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அந்த இரண்டு கேள்வியும் வெயிலைவிட அதிகமாகச் சுட்டது.

இருட்டியதும் காற்று கிளம்பியது. தெஹாச்சப்பி கணவாய்ப் பக்கம் காற்றுக்குப் பேர் போன இடம். பகலெல்லாம் பாலைவனம் சூடாகி அங்கிருக்கும் காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்ப மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சமவெளியின் குளிர்ந்த காற்று கணவாய் வழியாகப் பாய்ந்து வரும். அதனால்தான் அங்கே காடு மாதிரி காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். இரவில் அவற்றின் சிவப்பு விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் பளிச்சென்று எரியும், ஒரே நேரத்தில் அணையும். அதைப் பார்த்துக்கொண்டே நடந்தோம், மணிக்கணக்கில் நடந்தும் அது பக்கத்தில் வரவே இல்லை. பகல் சூடு மிச்சமிருக்கிற சாலையில் குளிர்காய விரியன் பாம்பு வந்து படுத்துக்கொள்ளும் என்று விளக்கைத் தரையிலேயே வைத்துக்கொண்டு குடைக்காரர் முன்னால் போனார், என்னை நடுவில் விட்டார்கள், நர்ஸம்மா பின்னால். ஒரு இடத்தில் நின்றபோது நான் மண்டியிட்டு சிமென்டில் காதை வைத்துப் பார்த்தேன். ஏதோ கேட்டது. தண்ணீரா, என் ரத்த ஓட்டமா, காற்றா, தெரியவில்லை. பையனும் பக்கத்தில் குனிந்து காதை வைத்தான். "எனக்கு ஒன்றும் கேட்கவில்லை" என்றான், ஆனால் ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

பதினொன்றரை மணிக்குப் பாலம் வந்தது. கூடாரம்கூடப் போடாமல் ஏழெட்டுப் பேர் மண்ணில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு குழாய் உண்டு, சில சமயம் வரும், சில சமயம் வராது. அன்று வந்தது, நூல் மாதிரி. வரிசையில் என்னை முதலில் நிற்கச் சொன்னார்கள், நான் மாட்டேன் என்று மூன்று பேருடைய பாட்டில்களையும் வாங்கிக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றும் நிறைய நெடுநேரம் ஆனது. மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் பையன் எழுந்ததும் முதல் வேலையாக, இனிமேல் லிட்டர் என்ற பெயர் செல்லாது என்று அறிவித்தான். குடைக்காரர் வழிமொழிந்தார். நர்ஸம்மா சிரித்து நான் பார்த்தது அப்போதுதான், அதுவும் பல் துலக்கிக்கொண்டே. நான் மூடியைத் திருகி, ஒரு தடவை தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, இன்னொரு தடவையும் பிடித்துப் பார்த்தேன். மூன்று பேரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அடுத்த இரண்டு வாரத்தில் நாங்கள் பிரிந்துவிட்டோம். குடைக்காரருக்கு முட்டி வலி, ஒரு ஊரில் தங்கிவிட்டார். பையன் வேகம் பிடித்து முன்னால் போய்விட்டான். நானும் நர்ஸம்மாவும் மட்டும்தான் கென்னடி மெடோஸ் என்கிற இடத்துக்கு ஒன்றாகப் போய்ச் சேர்ந்தோம், 702-ஆவது மைல் பக்கம், பாலைவனம் முடிகிற இடம். அங்கே கடைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற நடையர்கள், புதிதாக யார் வந்து சேர்ந்தாலும் கை தட்டுவார்கள். எங்களுக்கும் தட்டினார்கள். பெயர் எழுதுகிற நோட்டு ஒன்று இருந்தது, பக்கத்தைப் பின்னால் திருப்பிப் பார்த்தால் மூன்று நாளைக்கு முன்னால் பையன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அதற்குப் பக்கத்தில், "பின்னால் வருகிறார், மூடியைச் சோதிக்கச் சொல்லுங்கள்" என்று ஒரு வரி. நான் பேனாவை வாங்கி, தேதியைப் போட்டு, என் பெயரை எழுதினேன்: அரை லிட்டர்.

வணக்கம்.